மலைத்தோட்டக் கம்பெனிகளும் பங்குத் தரகர்களும்

போடிநாயக்கனூரில் பஸ் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, பூப்பாறை வழியாக மூணாறுக்குச் சென்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சாலையின் இரு மருங்கிலும் தேயிலைச் செடிகளுக்கிடையே குனிந்து கொழுந்தெடுக்கும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். திருநெல்வேலிச் சீமையையும் மதுரைச் சீமையையும் தம் முன்னோர் ஊராகச் சொல்லும் இப்பெண்களில் பல்லாயிரவர், தாம் வேலை செய்யும் கம்பெனியிலேயே பங்குதாரர்கள் என்பது சிலருக்கே தெரியும். அப்பங்கின் இன்றைய விலை என்ன என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அது அவர்கள் குற்றமன்று. எந்தச் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்த விலை அங்கே இராது.

கம்பெனியில் பங்கு உண்டு. பங்குக்குச் சந்தை இல்லை. இது எப்படி நேர்ந்தது? கேரளத்திலும் கர்நாடகத்திலும் மும்பையிலும் உழைத்துச் சேமிக்கும் நம்மவர்கள், தங்கள் சேமிப்பைப் பங்குகளில் போடலாமா என்று எண்ணும்போது, மூணாற்றின் கதை அவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் கம்பெனி. 1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். ஏறத்தாழ 1,36,000 ஏக்கர் பரப்புள்ள காடு அது. இரண்டாண்டுகளில் வடதிருவிதாங்கூர் நில நடவு விவசாயச் சங்கம் என்ற பெயரில் தோட்டக்காரர்கள் ஒன்றுகூடினர். 1880இல் பார்வதி தோட்டத்தில் ஷார்ப் என்பவர் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். காப்பி, சிங்கோனா, ஏலம் எனப் பலவற்றையும் நட்டுப் பார்த்துக் கைசுட்டுக்கொண்ட பின்னரே தேயிலை நிலைபெற்றது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி ஸ்காட்லாந்தில் பதிவாயிற்று. ஃபின்லே குழுமத்தின் பணபலம் அதன் பின்னால் நின்றது.

தனிமனிதர் செய்ய முயன்ற காரியம் கம்பெனியின் கைக்கு மாறியதன் காரணம் எளிது. தேயிலைச் செடி நட்டவுடன் காசு தராது. சில ஆண்டுகள் கூலியும் நிர்வாகச் செலவும் போய்க்கொண்டே இருக்கும், வரவு வராது. பாதை வெட்ட வேண்டும். தொழிற்சாலை எழுப்ப வேண்டும். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தண்டவாளம் போட்டு, அங்கிருந்து கோட்டகுடிக்குக் கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளை மலையிலிருந்து இறக்கினார்கள். அவை போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சென்று கப்பலேறின. இத்தனைக்கும் முதல் போட ஒருவர் பெட்டகம் போதாது. ஆகவே முதலைச் சிறுசிறு பங்குகளாக்கி ஆயிரம் பேரிடம் விற்பது கூட்டுப்பங்குக் கம்பெனியின் முறை. ‘லிமிடெட்’ என்ற சொல்லின் பொருளும் இங்கேதான் இருக்கிறது. கம்பெனி மூழ்கினாலும், பங்கு வாங்கியவர் தாம் போட்ட பணத்தை மட்டுமே இழப்பார். அவருடைய வீட்டையும் நிலத்தையும் கடன்காரர் தொட முடியாது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில், மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்லும் அந்தப் பேரழிவில், மூணாற்றின் இரயில் பாதை அடித்துக்கொண்டு போயிற்று. அந்த நட்டத்தைப் பங்குதாரர்கள் பலர் ஆளுக்குச் சிறிதாகத் தாங்கினர். லயத்தில் இருந்த தொழிலாளிக்கு அப்படிப் பங்கிட்டுக்கொள்ள யாரும் இல்லை.

இனிப் பங்குச் சந்தை. கம்பெனியிடம் ஒருமுறை கொடுத்த பணத்தை அதனிடமே திரும்பக் கேட்க இயலாது. தோட்டமாகவும் யந்திரமாகவும் மாறிவிட்ட பணத்தை அது எப்படித் திருப்பித் தரும்? மகள் திருமணத்துக்குப் பணம் வேண்டுமென்றால், பங்கை மற்றொருவருக்கு விற்க வேண்டும். அந்த மற்றொருவரைத் தேடித் தருவதே பங்குச் சந்தையின் வேலை, தேடுபவர் தரகர். ஒருவர் ஒரு பங்கை 153 ரூபாய்க்குத் தருவேன் என்கிறார். வேறொருவர் 152 ரூபாய்க்குக் கேட்கிறார். இருவரில் ஒருவர் ஒரு ரூபாய் இறங்கினாலோ ஏறினாலோ வியாபாரம் முடிகிறது. அந்த விலை ஊரறிய வெளியிடப்படுகிறது. இந்த வெளிச்சமே சந்தையின் உயிர். பாலக்காட்டில் இருப்பவருக்கும் பம்பாயில் இருப்பவருக்கும் அந்த நொடியில் ஒரே விலை என்பது சிறிய செய்தி அன்று.

சென்னையில் இன்றைய தலைமுறை அறிந்த பங்குச் சந்தை 1937இல் தோன்றியது. கொச்சியில் 1978இலும் கோயம்புத்தூரில் 1991இலும் சந்தைகள் அமைந்தன. வாளையாற்றைத் தாண்டினால் கோவை என்பதால், பாலக்காடு, சிற்றூர்ப் பக்கத்தாருக்கு இரண்டு மாநிலத்துச் சந்தைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அக்காலத்தில் பங்கு என்பது காகிதப் பத்திரம். மாற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு, தரகரிடம் கொடுத்து, அது கம்பெனிக்குச் சென்று, பெயர் மாறித் திரும்பி வர மாதங்கள் ஆகும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்த பத்திரங்களின் கதையைப் பழைய தரகர்கள் அலுக்காமல் சொல்வார்கள். பின்னர் தேசியப் பங்குச் சந்தை 1994இல் பங்கு வியாபாரத்தைக் கணிப்பொறித் திரையில் நடத்தத் தொடங்கியது. 1996ஆம் ஆண்டின் சட்டம் காகிதப் பத்திரத்துக்குப் பதிலாக டீமாட் கணக்கைக் கொண்டுவந்தது. வியாபாரம் முழுவதும் மும்பையின் இரு பெரும் சந்தைகளுக்கு ஓடிவிட, சிறு சந்தைகள் வெறிச்சோடின. கோவைச் சந்தை 2013இலும், கொச்சிச் சந்தை 2014இலும், சென்னைச் சந்தை 2015இலும் செபியின் ஆணைப்படி விலகிக்கொண்டன. செபி என்பது பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு வாரியம். 1992 முதல் அதற்குச் சட்ட அதிகாரம் உண்டு.

விலை எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணால் காண விரும்புகிறவர் மும்பைக்குப் போக வேண்டியதில்லை. இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேட்டை அடுத்த புற்றடிக்கும், மலையின் இப்பக்கம் போடிநாயக்கனூருக்கும் போனால் போதும். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் ஏலம் போகும் இடங்கள் இவை. (ஏலம் என்ற செடியின் பெயர் பழந்தமிழ், ஏலம் போடுவது என்ற சொல்லோ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது என்பர். இந்த மலையில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.) விவசாயி காயை உலர்த்தி, மூட்டையாக ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். ஏல நிறுவனம் வாரியத்தின் உரிமம் பெற்றது. மாதிரிகள் வியாபாரிகளின் கைக்கு வருகின்றன. அவர்கள் நிறத்தையும் பருமனையும் பார்த்து, விரலால் உருட்டி, விலை கேட்கிறார்கள். முன்பு கூவிக் கேட்டதை 2007 முதல் கணிப்பொறி முன் அமர்ந்து கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் என்ற விலையைத் தொட்டது. அன்று மலையெங்கும் அதே பேச்சு. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகளில் ஏறி நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலிப் பெண்களுக்கும் அந்த விலை தெரிந்திருந்தது.

ஏல நிறுவனம் செய்யும் வேலையும் பங்குத் தரகர் செய்யும் வேலையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இருவருமே சரக்கைத் தமக்கென்று வாங்குவதில்லை என்பது இலக்கணம். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துத் தரகு பெறுகிறார்கள். இருவரிடமும் தோன்றக்கூடிய நோயும் ஒன்றே. வாங்கிய ஏலக்காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து, வரத்து மிகுதி போலக் காட்டி விலையை ஆட்டுகிறார்கள் என்பது ஏல விவசாயிகளின் நெடுநாளைய முறையீடு. பங்குச் சந்தையிலும், ஒரே கூட்டத்தார் தமக்குள்ளேயே வாங்கி விற்று, பெரும் வியாபாரம் நடப்பதாக மாயம் காட்டுவதுண்டு. அத்தகைய விலை ஏற்றத்தைக் கண்டு கடைசியில் வந்து வாங்குபவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்.

சந்தை இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது, வாங்குவோர் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நமது மலையைப் போலவே தோட்டப்பயிரை நம்பிய நாடு, கொக்கோவுக்குப் பேர்போனது. அதன் தலைநகர் ஆக்ராவில் 1990ஆம் ஆண்டு நவம்பரில் பங்கு வியாபாரம் தொடங்கியது. தங்கச் சுரங்கக் கம்பெனியான அசாந்தி 1994இல் அங்கே நுழைந்தபோது, அந்த ஒரு கம்பெனியே சந்தையின் பெரும்பகுதியாக விளங்கிற்று. பனை எண்ணெய்த் தோட்டக் கம்பெனி ஒன்றும், கொக்கோ பதப்படுத்தும் கம்பெனி ஒன்றும் அப்பட்டியலில் உண்டு. கொக்கோக் கம்பெனியின் பங்கு பல ஆண்டுகள் 2, 3 பெசேவாவிலேயே, நம் வழக்கில் சொன்னால் இரண்டு மூன்று பைசா போலவே, அசையாமல் கிடந்தது. பட்டியலில் பெயர் இருக்கிறது, தரகர் இருக்கிறார், விலையும் அச்சாகிறது. ஆனால் விற்கப் போனால் கேட்பாரைத் தேட வேண்டும். அப்பகுதியிலுள்ள, பெரும்பாலும் பிரெஞ்சு மொழி வழங்கும் நாடுகளோ வேறு வழி கண்டன. எட்டு நாடுகள் சேர்ந்து அபிஜான் நகரில் ஒரே சந்தையை 1998இல் திறந்தன. சிறு சந்தை தனித்து நிற்பது கடினம் என்பதைக் கோவையும் கொச்சியும் பின்னாளில் கண்டுகொண்டன.

மூணாற்றுக்குத் திரும்புவோம். ஸ்காட்லாந்துக் கம்பெனியின் இடத்தில் டாட்டா படிப்படியாக வந்தது. 1964இல் கூட்டு, 1976இல் டாட்டா ஃபின்லே, 1983இல் டாட்டா டீ. டாட்டா டீ பங்குச் சந்தைப் பட்டியலில் இருந்த கம்பெனி. மதுரையில் இருப்பவரும் அதன் பங்கை வாங்கி, கண்ணன் தேவன் மலையில் தமக்கும் ஒரு துளி இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. பீருமேட்டுப் பக்கம் தோட்டங்கள் மூடப்பட்டு, தொழிலாளர் கூலியின்றித் தவித்த காலம் அது. தோட்டத்தை நடத்துவதைவிடப் பொட்டலத் தேயிலையை விற்பதே மேல் என்று பெரிய கம்பெனி முடிவு செய்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில், கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்ற புதிய கம்பெனி தோட்டங்களையும் தொழிற்சாலைகளையும் ஏற்றது. அதன் பெரும்பான்மைப் பங்குகளை ஏறத்தாழ 12,000 தொழிலாளரும் அலுவலரும் மேலாளரும் வாங்கினர். டாட்டாவும் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. ‘கண்ணன் தேவன்’ என்ற வணிகப் பெயர் மட்டும் டாட்டாவிடமே நின்றது. இதைக் கவனிக்க வேண்டும். கொழுந்து மலையிலுள்ளவர்களுக்கு, பொட்டலத்தின் மேலுள்ள பெயர் மும்பைச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிக்கு. புதிய கம்பெனி ‘ரிப்பிள்’ என்ற பெயரில் தன் தேயிலையையும் விற்கிறது.

பன்னிரண்டாயிரம் பேர் பங்கு வைத்திருக்கும் கம்பெனி எப்படி ‘பிரைவேட்’ ஆகும் என்று ஐயம் எழலாம். கம்பெனிச் சட்டம் தனியார் கம்பெனிக்கு உறுப்பினர் எண்ணிக்கையில் வரம்பு கட்டுகிறது. பழைய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 50. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 200. ஆனால் கம்பெனியின் ஊழியர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஊழியர் எத்தனை ஆயிரம் பேர் ஆயினும் தடையில்லை. அதே சட்டத்தின்படி, தனியார் கம்பெனி தன் பங்குகளை மாற்றிக்கொடுக்கும் உரிமைக்குக் கட்டுப்பாடு விதித்தாக வேண்டும். பொதுமக்களிடம் பங்கு வாங்குமாறு அழைக்கவும் கூடாது. அந்நியர் யாரும் உள்ளே புகுந்து தோட்டத்தைக் கவர முடியாது என்பது இதன் நன்மை. பங்கை வைத்திருப்பவர் தரகரிடம் போய் நாளைக்கே விற்றுப் பணமாக்க முடியாது என்பது இதன் விலை. யாரிடம் விற்கலாம், விலையை எவ்வாறு கணக்கிடுவது என்பதையெல்லாம் அத்தகைய கம்பெனிகளில் சங்க விதிகள்தாம் தீர்மானிக்கும்.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தப் பங்குடைமை ஒரு கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. போனஸ் முந்தைய ஆண்டை விடக் குறைக்கப்பட்டு 10 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு நகரத்துக்கு இறங்கி வந்து தெருவில் அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் அண்டவிடவில்லை. அன்று அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். ஒன்பது நாட்களில் 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு பெற்றனர். அக்டோபரில் கூலி 301 ரூபாய் ஆயிற்று.

முதலாளியும் தாமே, தொழிலாளியும் தாமே என்றால் யாரை எதிர்த்துப் போராட்டம் என்று அப்போது சிலர் ஏளனமாகக் கேட்டார்கள். கேட்டவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போனஸ் உழைப்புக்கு உரியது. ஈவுத்தொகை பங்குக்கு உரியது. ஒரு பெண்ணின் ஆண்டுக் கூலி 60,000 ரூபாய் என்றும், அவளிடம் 3,000 ரூபாய் முகமதிப்புள்ள பங்குகள் இருப்பதாகவும் ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். முழுக் கூலியின் மீது கணக்கிட்டால், போனஸில் நூற்றுக்குப் பத்து குறையும்போது அவள் இழப்பது 6,000 ரூபாய். அந்த மிச்சத்தால் இலாபம் பெருகி, கம்பெனி நூற்றுக்கு இருபது என்று தாராளமாக ஈவு கொடுத்தாலும் அவள் கைக்கு வருவது 600 ரூபாய். பங்குதாரர் என்ற பட்டம் இருந்தாலும் அவள் வயிறு கூலியில்தான் இருக்கிறது. மேலும், ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற நிலையில், தலைமுறைகளாக மலையில் வாழ்ந்தவளுக்குக் கம்பெனியின் ஒரு துளி சொந்தம். படுக்க ஓரடி நிலம் சொந்தமில்லை. என் எண்ணத்தில், அந்த ஒன்பது நாட்களின் கோபத்துக்கு விழுக்காட்டைவிட இதுவே ஆழமான வேர்.

இத்தகைய பங்குகள் பயனற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டங்கள் மூடப்பட்ட பீருமேட்டோடு ஒப்பிட்டால், மூணாற்றில் வேலை நிலைத்தது பெரிய காரியம். ஆனால் உடைமை வேறு, விற்கும் வசதி வேறு, நிர்வாகத்தில் குரல் வேறு. மூன்றும் ஒரே காகிதத்தில் வந்துவிடும் என்று எண்ணலாகாது.

பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு வகையைக் காணலாம். வாளையாற்றில் உள்ள மலபார் சிமெண்ட்ஸ், கேரள அரசுக்கே முழுவதும் சொந்தமான கம்பெனி. 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பங்கைத் தரகர் எவரும் வாங்கித் தர இயலாது. அரசுக் கம்பெனிகளுள் சில சந்தையில் பங்கு விற்றுள்ளன, சில விற்கவில்லை. இது பின்னதைச் சேர்ந்தது. ஆகவே ஒரு கம்பெனியின் ஆலை வாயிலை நாள்தோறும் பார்க்கிறோம் என்பதனால் அதன் பங்கு சந்தையில் கிடைக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. கேட்க வேண்டிய முதற்கேள்வி, கம்பெனி பட்டியலில் உள்ளதா என்பது. பட்டியலுக்கு வெளியே உள்ள பங்கை, ‘விரைவில் சந்தைக்கு வரும், இப்போதே வாங்கினால் பத்து மடங்கு’ என்று ஒருவர் விற்க வந்தால், அவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும், நம் மொழியில் இனிக்கப் பேசினாலும், பணத்தை எடுக்காதீர்கள். அயலூரில் வாழும் நம்மவரை ஏய்ப்பவர் முதலில் காட்டும் அடையாளச் சீட்டு ஊர்ப்பாசம்.

தரகர் செபியிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைச் செபியின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பதிவு பெற்ற தரகர் ரொக்கமாகப் பணம் வாங்க மாட்டார். உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து அவருடைய கணக்குக்கே பணம் செல்ல வேண்டும். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒப்பந்தச் சீட்டு வரும். விலை, நேரம், தரகு, வரி எல்லாம் அதில் தனித்தனியே இருக்கும். பங்குகள் உங்கள் டீமாட் கணக்கில் சேரும்; தரகரின் மேசை அறையில் அன்று. இவ்வளவு ஆதாயம் நிச்சயம் என்று உறுதி சொல்லும் தரகர் தம் தொழிலின் முதல் விதியையே மீறுகிறார்.

இறுதியாக, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பத்திரங்களைப் பற்றி ஒரு சொல். தோட்டத்திலோ ஆலையிலோ கணக்கராக இருந்த தந்தை எப்போதோ வாங்கிய பங்குப் பத்திரத்தை, வேலை தேடி வேற்று மாநிலம் போன பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். முகவரி மாறியதால் ஈவுத்தொகை திரும்பிப் போகிறது. தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவு பெறப்படாவிட்டால், அந்த ஈவும் பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். அங்கே போய்விட்டது என்றால் போனதாகப் பொருளில்லை. உரியவரோ வாரிசோ, அடையாளச் சான்றும் வாரிசுச் சான்றும் காட்டி, கம்பெனியின் வழியாக விண்ணப்பித்து மீட்கலாம். காகிதப் பத்திரத்தை அப்படியே பிறருக்கு மாற்ற 2019 ஏப்ரலுக்குப் பின் பட்டியல் கம்பெனிகளில் வழியில்லை. முதலில் டீமாட் கணக்கில் ஏற்ற வேண்டும். கம்பெனியின் பெயர் மாறியிருக்கலாம். டாட்டா டீயின் பத்திரத்தை வைத்திருப்பவர் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. அக்கம்பெனி 2010இல் டாட்டா குளோபல் பெவரேஜஸ் என்றும், 2020இல் டாட்டா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் என்றும் பெயர் மாறிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அந்தப் பெட்டியைத் திறந்து பத்திரத்திலுள்ள ஃபோலியோ எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வாரிசு நியமனம் பதியப்படாதிருந்தால் அதையும் பதிந்துவிடுங்கள்.